பதினேழு மணி நேர ஒத்திகை

"சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே ஏறினா, அன்னிக்கே ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே இறங்கிடலாமாம்" என்று மனைவி சொன்னதும் டைம்கீப்பருக்குக் காபி புரையேறியது.

"யாரு சொன்னா?"

"ட்ராவல்ஸ்காரர். இப்பத்தான் போன்ல சொன்னார். அஞ்சே மணி நேரம்! இதுக்கா ஒரு வாரமா 'பதினேழு மணி நேரம், பதினேழு மணி நேரம்'னு பூச்சாண்டி காட்டினீங்க?"

அவர் தலையில் தானே தட்டிக்கொண்டு இருமினார். இருமி முடிப்பதற்குள் ஒரு பதிலைத் தேட வேண்டியிருந்தது.

டைம்கீப்பர் என்பது அவர் பார்த்த வேலை. பேருந்து நிலையத்தின் நடுவே, நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும், ஏன் இன்னும் கிளம்பித் தொலைக்கவில்லை என்று மைக்கில் அதட்டுகிற வேலை. போன வருஷம் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலைதான் அவரை விட்டதே தவிர, அவர் வேலையை விடவில்லை. இப்போது அவருடைய கட்டுப்பாட்டில் ஓடுவது ஒரே ஒரு வண்டி. அது அவர் மனைவி.

"குளிக்கப் போறது ஏழேகாலுக்கு. இன்னிக்கு ஏழரை!" என்று கூடத்திலிருந்து குரல் வரும். "அடுப்பு பத்த வைக்க இவ்வளவு நேரமா? பின்னாடி வண்டி நிக்குதில்ல?"

எதிர்வீட்டு நர்ஸம்மா தன் கைக்கடிகாரத்தை இந்தக் குரலை வைத்துத்தான் சரிசெய்துகொள்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்த அம்மாள் மறுத்ததும் இல்லை.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் பூமிப்பந்தின் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறாள். போய் ஐந்து வருஷம் ஆகிறது. மாப்பிள்ளையை ஆபீஸில் ஆறு மாதத்துக்கு வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். "தனியா இருக்க ஒரு மாதிரியா இருக்கும்பா. யாராவது ஒருத்தர் வந்து கூட இருங்களேன். ரெண்டு பேரையும் கூப்பிட எனக்கு ஆசை இல்லையா? இந்தப் பொந்துல இன்னும் ஒரே ஒரு கட்டில்தான் போட இடம் இருக்கு" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

யாராவது ஒருத்தர் என்றால் யார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெண்ணுக்குத் துணைக்கு அம்மாதான் போவாள். உலகம் பூராவும் அதுதானே வழக்கம்!

ஆனால் ஆறு மாதம்! காலைக் காபி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது டைம்கீப்பருக்கு நிமிஷக் கணக்கில் தெரியும். அது எப்படி வருகிறது என்பது தெரியாது. தன் சட்டைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன, மருந்துக் கடைக்காரருக்குத் தன்னுடைய எந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும், எதுவும் தெரியாது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த வீட்டில் லேட்டாகிவிட்டது என்று சொல்வதற்கு ஆள் இல்லாமல் எப்படி இருப்பது? இருநூறு வண்டிகளை விரட்டியவர், 'நீ போகாதே, எனக்குப் பயமா இருக்கு' என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

அதனால்தான் தூரத்தைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் கிலோமீட்டரை எடுத்துவிட்டார். "பதினாலாயிரம் கிலோமீட்டர்! நம்ம வண்டி ராத்திரி பகலா நிக்காம ஓடினாக்கூடப் பதினஞ்சு நாள்."

"நாம பஸ்ஸுலயா போகப் போறோம்?" என்றாள் மனைவி.

அது எடுபடாமல் போகவே பதினேழு மணி நேரத்துக்கு வந்தார். அதிலும் இப்போது ட்ராவல்ஸ்காரர் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்.

"அஞ்சு மணி நேரம் இல்லைம்மா" என்றார் இருமல் அடங்கிய பிறகு. "இங்கே பகலா இருக்கறப்ப அங்கே ராத்திரி. அவங்க கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் பின்னாடி ஓடுது."

"பின்னாடி ஓடற கடிகாரத்தையா இத்தனை வருஷமா வெச்சிருக்காங்க? உங்களை அனுப்பினா ஒரே நாள்ல சரி பண்ணிடுவீங்களே!"

டைம்கீப்பர் சமையலறைக்குப் போய் ஒரு தக்காளியும், அலமாரியிலிருந்து டார்ச் லைட்டும் எடுத்து வந்தார். தக்காளிதான் பூமி. டார்ச்தான் சூரியன். தக்காளியின் ஒரு பக்கம் தங்கள் வீடு, எதிர்ப்பக்கம் மகள் வீடு. ஒரு விரலை விமானமாக்கித் தக்காளியைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். பாதி வழியில் பூமியை மனைவி வாங்கிக்கொண்டு போய் நறுக்கிவிட்டாள். சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தானே கால்மணி முன்னால் கத்தினார்!

"எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள் நறுக்கிக்கொண்டே. "பதினேழு மணி நேரம் பறக்கணும். ஆனா பன்னிரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் குடுத்துடறாங்க. லாபம்தானே?"

"லாபமாவது! அதை அப்படியே திரும்பி வர்றப்ப பிடுங்கிக்குவாங்க. அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறினா, இங்கே வந்து இறங்கறது மறுநாள் ராத்திரி பதினோரு மணி. கணக்குப் போடு. இருபத்தொன்பது மணி நேரம்!"

"சரி, திரும்பி வர்றதைப் பத்தி இப்ப என்ன அவசரம்?"

முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய பெண், திரும்பி வருவதைப் பற்றி என்ன அவசரம் என்கிறாள்! பதினேழு மணி நேரத்தை ட்ராவல்ஸ்காரர் ஐந்தாகக் குறைத்தார் என்றால், திரும்பும் வழியை இவரே அடைத்து வைத்திருக்கிறார், தன் வாயாலேயே.

கடைசியாக உடம்பை எடுத்தார். "அதெல்லாம் விடு. பதினேழு மணி நேரம் ஒரே நாற்காலியில உக்காரணும். நம்ம வயசுக்கு முதுகு என்னாகும்? கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆயிடும். தாங்குமா?"

இது வேலை செய்தது. மனைவியின் கத்தி நின்றது. முகம் சுருங்கியது.

"அதுதாங்க எனக்கும் ஒரே யோசனையா இருக்கு" என்றாள் மெல்ல. "தூரத்தைப் பத்திக் கவலை இல்லை. உடம்பு தாங்குமான்னுதான் தெரியலை."

"தாங்காது."

"உக்காந்து பாத்தாத்தானே தெரியும்? ஞாயித்துக்கிழமை நம்ம கூடத்துலயே உக்காந்து பாத்துடலாமா?"

டைம்கீப்பருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மூன்று மணி நேரத்தில் எழுந்து ஓடிவிடுவாள். பிறகு விமானப் பேச்சையே எடுக்க மாட்டாள்.

"நீங்களும் பக்கத்துல உக்காரணும்" என்றாள்.

"நான் எதுக்கு?"

"விமானத்துல காலி சீட்டு பக்கத்துலயா உக்கார வெப்பாங்க?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அந்தக் கூடம் விமானமாகியிருந்தது. ஜன்னலை ஒட்டி இரண்டு சாப்பாட்டு மேஜை நாற்காலிகள். அவற்றுக்கு முன்னால், முழங்காலுக்கு ஒரு சாண் இடம் விட்டு, சோபாவைத் திருப்பிப் போட்டிருந்தார். குளிருக்கு மின்விசிறி முழு வேகத்தில். எஞ்சின் சத்தத்துக்கு, துணி போடாமலே வாஷிங் மெஷினை ஓடவிட்டிருந்தார். இவ்வளவு கெடுபிடி விமானக் கம்பெனிக்காரர்களுக்கே இருக்காது.

மனைவி அவரை ஜன்னலோரம் தள்ளினாள். "நீங்க அங்கே உக்காருங்க."

"அது உன் சீட்டு."

"பரவாயில்லை, உக்காருங்க. வெளியே பாத்துக்கிட்டு இருந்தா பொழுது போகும்."

தியாகி, என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வண்டி கிளம்புகிறது" என்று மைக் குரலில் அறிவித்தார். ஐந்தேகாலுக்கு மனைவியிடமிருந்து ஒரு சன்னமான குறட்டை வந்தது. வாஷிங் மெஷினின் தாலாட்டு அப்படி. முப்பத்தைந்து வருஷத்தில் அந்த நேரத்துக்கு அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. அடுப்பு பற்ற வைக்க வேண்டிய நேரம் அல்லவா அது!

அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. எட்டு மணிக்கு இடுப்பு கடுக்க ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு அவசரமாக எழ வேண்டியிருந்தது. ஆனால் 'கழிப்பறைக்கு வரிசையில் கால்மணி நேரம் நிற்க வேண்டும்' என்று முந்தின நாள் சட்டம் போட்டதும் அவர்தான். பூட்டாத கதவுக்கு வெளியே, யாருமில்லாத வரிசையில், ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றார். மனைவி கண் விழித்துப் பார்த்து, "இன்னும் ஏழு நிமிஷம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்படியே விட்டால் ஒத்திகை அவள் பக்கம் வெற்றியாக முடிந்துவிடும். ஆகவே திரும்பி வந்தவர், "காத்து மோசமா இருக்கு, விமானம் குலுங்குது!" என்று கூவிக்கொண்டே அவளுடைய நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து உலுக்கினார். நாற்காலி அசையவில்லை. அவர் முதுகில் ஏதோ ஒன்று 'மளுக்' என்றது.

அவர் போட்ட அலறலில் எதிர்வீட்டு நர்ஸம்மா கையில் தைலத்தோடு ஓடி வந்தார். தைலத்தை எடுத்துக்கொண்டே வந்தார் என்றால், எவ்வளவு நேரமாக அந்த அம்மாள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"என்ன சார், நடு வானத்துல என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை, லேசாப் பிடிச்சுக்கிச்சு."

நர்ஸம்மா தைலம் தேய்த்து, அவரை ஜன்னலோரத்தில் இறக்கி உட்கார வைத்தார். பிறகு இரண்டு பேருடைய கணுக்காலையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அக்கா, உங்க கால் கல்லு மாதிரி இருக்கு. சார் கால்தான் கொஞ்சம் ஊதியிருக்கு."

மனைவியின் முகத்தில் அப்படி ஒரு பதற்றம். "ஐயையோ! அதுக்கு என்ன பண்ணணும்?"

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும். அப்புறம் அந்த இறுக்கமான காலுறை விக்குதே, அதைப் போட்டுக்கணும்."

"நாளைக்கே வாங்கிடறேன்" என்றாள் மனைவி. "முதுகுக்குச் சின்னத் தலையணை ஒண்ணும் வாங்கிடலாமா?"

"தாராளமா வாங்குங்க அக்கா."

இரண்டு பெண்களும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். டைம்கீப்பர் அதைக் கவனிக்கவில்லை. தான் போகப்போகிற நேரத்திலும் வீட்டிலிருக்கும் புருஷனின் முதுகைப் பற்றி இவளுக்கு என்ன கரிசனம் என்று நெகிழ்ந்துபோனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் மனைவி அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூடத்தில் நாலு நடை நடத்தினாள். மூடி போட்ட டப்பாவில் ஆறிப்போன சாப்பாட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழக்கினாள். முதல் கவளம் சட்டையில் விழுந்தது. மூன்றாவதில் கை பழகிவிட்டது.

பிற்பகலில் வாஷிங் மெஷின் மறுபடியும் தானாக நின்றுபோயிற்று. திரும்ப ஓடவிட அவருக்குத் தெம்பில்லை. கூடம் அமைதியானது. ஜன்னலுக்கு வெளியே கொடியில் யாருடைய போர்வையோ காற்றில் உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது.

இப்படிப் பக்கத்தில் பக்கத்தில், வேலை எதுவும் இல்லாமல், கடைசியாக எப்போது உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தார்.

அதையேதான் அவளும் நினைத்திருக்க வேண்டும். "நாம சேந்து போன முதல் பஸ் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இல்லாம என்ன? முன் சீட்டு. டிரைவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன்."

"டிரைவர்கிட்ட மட்டும் சொன்னீங்க. எஞ்சின்கிட்ட சொல்லலை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான மூன்றாவது நாள். ஊரும் இல்லாத, விளக்கும் இல்லாத ஒரு இடத்தில் வண்டி படுத்துவிட்டது. மாற்று வண்டி வருவதற்கு நாலு மணி நேரம். சாலையோரத்துப் பாலக் கட்டையில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை இரண்டு பேரும் தீர்த்தார்கள். "டைம்கீப்பர் ஏறின வண்டியே நாலு மணி நேரம் லேட்டு!" என்று புதுப்பெண் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்து அவர் தோளிலேயே தூங்கிப்போனாள். கை மரத்துப்போய், அது தன்னுடைய கைதானா என்றே தெரியாமல் போனபிறகும் அவர் அசையவில்லை. அவர் வாழ்க்கையில் கடிகாரத்தைப் பார்க்காத நாலு மணி நேரம் அதுதான்.

"உங்க பொண்ணும் லேசுப்பட்டவளா?" என்றாள் மனைவி. "மைக்குல என்ன சொன்னா, சொல்லுங்க."

அதைச் சொல்லச் சொல்லி அவள் கேட்டே பல வருஷமாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேராகக் கண்ணாடிக் கூண்டுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில், நாற்காலிமேல் ஏறி மைக்கைப் பிடித்துவிட்டாள். "எல்லா வண்டியும் கவனிங்க. எங்கப்பாவுக்கு ரொம்பப் பசிக்குது. யாரும் லேட் பண்ணாதீங்க." பேருந்து நிலையமே ஒரு நிமிஷம் நின்று, பிறகு சிரித்தது. டிரைவர்கள் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு, எந்த டிரைவர் கூண்டுக்குப் பக்கத்தில் வந்தாலும் "சாப்பிட்டாச்சா சார்?" என்றுதான் ஆரம்பித்தான்.

அந்தப் பெண்ணை விமானத்தில் ஏற்றிவிட்ட நாளும் கூடவே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையசைத்துக்கொண்டே போனாள். பழக்கதோஷத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. ஒரு வண்டி நேரத்துக்குக் கிளம்பியதற்காக அவர் எரிச்சல்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"போன்ல பேசறப்ப சிரிக்கறா. ஆனா வெச்சதும் அழுவாளோன்னு இருக்கு" என்றாள் மனைவி, போர்வையைப் பார்த்துக்கொண்டே. "பக்கத்துல ஒருத்தர் இருந்தாப் போதும் அவளுக்கு."

பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு துணை போகாமல், தனக்குக் காபி வராது என்பதற்காகத் தக்காளியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாரே! அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. போகட்டும். ஆறு மாதம் ஒரு ஆணால் இருக்க முடியாதா? காபி என்ன பிரம்ம வித்தையா? பாலைக் காய்ச்சி எதிலோ ஊற்றப் போகிறோம். அவள் போய் மகளோடு சிரித்துவிட்டு வரட்டும். வராவிட்டால்... வருவாள்.

முடிவெடுத்ததும் முதுகுவலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

மணி ஐந்தரை. இன்னும் நாலரை மணி நேரம் பாக்கி இருக்கும்போது வாசல் மணி அடித்தது. "ஒத்திகை போதும்" என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். ட்ராவல்ஸ்காரர் நின்றிருந்தார். கழுத்தில் கைக்குட்டை, கக்கத்தில் பை.

"சார், டிக்கெட் விஷயமா அம்மாவைப் பாத்துட்டு..."

"எனக்குத் தெரியும். உள்ளே வாங்க" என்றார் டைம்கீப்பர். குரல் மைக்கில் பேசுவதுபோல் கம்பீரமாகத்தான் ஆரம்பித்தது. "தாராளமா டிக்கெட்டைப் போடுங்க. இத்தனை நாள் நான்தான் குறுக்கே நின்னேன். இனிமே நிக்க மாட்டேன். ஜன்னலோரமாப் பாத்துப் போடுங்க. அவ இன்னிக்குப் பூரா எனக்கு விட்டுக் குடுத்துட்டு உக்காந்திருந்தா. ஆறு மாசம்தானே? நான் சமாளிச்சுக்குவேன். காபி போடக் கத்துக்குவேன். பொண்ணுக்கு அம்மா பக்கத்துல இருக்கணும், அதுதான் முக்கியம்..." அதற்குமேல் கம்பீரம் நிற்கவில்லை. தோளில் கிடந்த துண்டின் முனையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

பின்னாலிருந்து மனைவி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். திரும்பிப் பார்த்தார். அவள் சோபாவை அதன் பழைய இடத்துக்குத் தள்ளுவதில் மும்முரமாக இருந்தாள்.

ட்ராவல்ஸ்காரர் அவரைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார்.

"அம்மாவா? டிக்கெட்டு உங்க ஒருத்தருக்குத்தான்னு அம்மா போன வாரமே சொல்லிட்டாங்களே சார். உங்க உடம்பு தாங்கும்னு தெரிஞ்சா ஆறு மாசத்தை எட்டு மாசமா நீட்ட முடியுமான்னு விசாரிக்கச் சொன்னாங்க, முடியும்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."